குடோனில் நின்ற பெட்டி

லாஸ்யாவின் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியில் ஒரு திங்கட்கிழமை காலை பச்சை விளக்கு எரியவில்லை. செவ்வந்தி பேட்டரியை மாற்றினாள். எரியவில்லை. முந்தானையால் துடைத்து, ஊதி, புதுப் பாக்கெட்டைப் பிரித்து வேறொரு பேட்டரி போட்டாள். அப்போதும் எரியவில்லை. வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடித்தது. மகள் தரையில் உட்கார்ந்து ஷூ நாடாவை முடிந்துகொண்டே இருந்தாள். ஹாரன் அவளுக்குக் கேட்கவில்லை. 

செவ்வந்தி கிணத்துக்கடவுப் பக்கத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோப்புகளில் தேங்காய் பொறுக்கி, மட்டை உரித்துப் பிழைத்தவர்கள். அந்தக் குடும்பத்தில் பட்டப்படிப்பு முடித்த முதல் ஆள் இவள்தான். கணக்கு எழுதும் வேலை தேடிக் கோயம்புத்தூருக்கு வந்தாள், அது அமையவில்லை. கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வேலைக்குச் சேர்ந்தாள், அங்கேயே நிலைத்துவிட்டாள். அந்தக் கம்பெனிக்கு ஆள் ஏற்றி வந்த வேன் டிரைவர் மாசாணத்தைக் கல்யாணம் செய்துகொண்டாள். பயந்த சுபாவம். கேஸை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து ஒருமுறை பார்ப்பாள். மாசாணம் வேனில் இருக்கிற எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

லாஸ்யா பிறந்து எட்டு மாதத்தில் வந்த தீபாவளிக்கு, ஜன்னலுக்கு வெளியே சரவெடி வெடித்தது. குழந்தை அசையாமல் தூங்கியது. அவளுக்குக் காது கேட்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு வயதில் அரசாங்கக் காப்பீட்டில் ஆபரேஷன் நடந்தது. தலைக்குள்ளே ஒரு பாகம் வைத்தார்கள். வெளியே காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி ஒன்று. வெளியே இருப்பது சத்தத்தைப் பிடித்து உள்ளே இருப்பதற்கு அனுப்பும். உள்ளே இருப்பது மட்டும் தனியாக எதுவும் செய்யாது. அதன் பிறகு வாரம் தவறாமல் ஆர்.எஸ்.புரத்துக்குப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனாள். மூன்றரை வயதில் லாஸ்யா முதன்முதலாக ‘அம்மா’ என்றாள். இப்போது ஒன்பது வயது. வாய் மூடாத பிள்ளை.

ஆர்.எஸ்.புரத்தில் பயிற்சி கொடுக்கும் அக்ஷயா மேடம் கருவியைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“லாஸ்யா அம்மா, இது சரியாகாதுங்க. இந்த மாடலை கம்பெனி நிறுத்திப்போட்டாங்க. புதுசுக்கு மாறோணும்னா நீங்க ஊடு கட்டற காசு ஆகும். அரசாங்கத்துக்கு எழுதிப் போடலாம், நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன். ஆனா எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாதுங்க.”

“அதுவரைக்கும் பாப்பா எப்படிங்க மேடம் இருப்பா?”

அக்ஷயா மேடம் லாஸ்யாவைப் பார்த்தார். அவள் இரண்டு பேர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே சத்தி ரோட்டில் அது நடந்தது. லாஸ்யா கையை உருவிக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்ற தோழியைப் பார்த்து ஓடினாள். பஸ் டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். ரோட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள், அவளைத் தவிர. செவ்வந்தி பின்னலைப் பிடித்து இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் ரோட்டோரம் விழுந்தார்கள். பிள்ளைக்கு அம்மா எதற்கு அடிக்கிறாள் என்று புரியவில்லை. செவ்வந்திக்கும் தான் அடித்துக்கொண்டிருப்பது அப்புறம்தான் தெரிந்தது.

ரோட்டையாவது பிடித்துக்கொண்டு நடக்கலாம். பேச்சை எப்படிப் பிடிப்பது? லாஸ்யாவின் வார்த்தைகள் கரையத் தொடங்கியிருந்தன. ‘சோறு’ என்பது ‘தோறு’ ஆனது. தன் குரல் தனக்கே கேட்காததால் கத்தினாள். மற்ற பிள்ளைகள் சிரிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். கஷ்டப்பட்டு ஒவ்வொன்றாக உள்ளே வந்த சொற்கள் ஒவ்வொன்றாக வெளியே போவதைச் செவ்வந்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே மாடல் பழைய கருவி கிடைக்குமா என்று போனில் தேடியபோது ஒரு வெளிநாட்டு விற்பனைத் தளத்தில் ஒன்று கண்ணில் பட்டது. ஆனால் விற்பவர் அமெரிக்காவுக்குள் மட்டும்தான் அனுப்புவாராம். உக்கடத்தில் கேமரா உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஷாநவாஸ் வழி சொன்னான். அங்கே ஒரு கம்பெனி நமக்கென்று ஒரு முகவரி கொடுக்கும். வாங்கும் சாமான் அந்தக் குடோனுக்குப் போகும். நாம் சொன்னதும் அவர்கள் அங்கிருந்து கோயம்புத்தூருக்கு அனுப்புவார்கள். செவ்வந்தி சீட்டுப் பணத்தை எடுத்து, மாசாணத்தின் தம்பி கார்டில் பணம் கட்டினாள்.

பெட்டி குடோனுக்கு வந்துவிட்டதாகக் கம்பெனியில் இருக்கும்போது தகவல் வந்தது. திரையில் ஒரு நீலப் பொத்தான். ‘இந்தியாவுக்கு அனுப்பு.’ அழுத்தினால் போதும். கட்டைவிரலைக் கொண்டுபோனவள், கேஸ் அணைத்தோமா என்று திரும்பி வரும் அதே பழக்கத்தில் நிறுத்தினாள். விற்பனைத் தளத்தின் விதிகளை முதல்முறையாகத் திறந்து, சாப்பாட்டு நேரம் முழுக்க மொழிபெயர்த்துப் படித்தாள். டிபன் பாக்ஸ் திறக்கவே இல்லை.

வாங்குபவருக்குப் பாதுகாப்பு உண்டு. தப்பான சாமான் வந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்தப் பாதுகாப்பு சாமான் போய்ச் சேரும் முதல் முகவரி வரைதான். அங்கிருந்து வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டால் அதற்கப்புறம் அவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சரக்கு அனுப்பும் கம்பெனியின் விதிகளையும் பார்த்தாள். பெட்டியைக் கொண்டுவந்து சேர்ப்பது மட்டும்தான் தங்கள் பொறுப்பு, உள்ளே என்ன இருந்தாலும் கேட்கக்கூடாது என்றிருந்தது.

சாயங்காலம் நேராக உக்கடம் போனாள்.

“தம்பி, நான் இன்னும் அனுப்பச் சொல்லலீங்க. சொல்லலாமுங்களா, கூடாதுங்களா?”

ஷாநவாஸ் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். “நல்லவேளைங்க்கா. உங்ககிட்ட முன்னாலயே சொல்லியிருக்கோணும், மறந்துபோட்டேன். நானே ஒருக்கா லென்ஸ் வாங்கி, இங்க வந்து பிரிச்சா உள்ள டைல்ஸ் துண்டுங்க. அந்தப் பக்கம் கேட்டா ‘நாங்க குடோன்ல குடுத்தாச்சு’ங்கறான். குடோன்காரன் ‘வந்த பெட்டியத்தான் அனுப்புனேன்’ங்கறான். நடுவுல நான் நின்னேன். கொஞ்சம் காசு குடுத்தா அங்கயே பிரிச்சு போட்டோ எடுத்து அனுப்புவாங்க. அதைப் பார்த்துட்டு அப்பறம் சொல்லுங்க.”

பணம் கட்டினாள். போட்டோ வர நாளானது.  குடோனில் சும்மா வைத்திருப்பதற்கு ஒரு கெடு உண்டு. அது தாண்டினால் வாடகை, இன்னும் தாண்டினால் அழித்துவிடுவார்களாம். புகார் சொல்ல விற்பனைத் தளத்திலும் ஒரு கெடு. ஒரு பக்கம் பார்த்தால் மறுபக்கம் போய்விடுமோ என்று இருந்தது. கம்பி சுற்றும்போது எண்ணிக்கை தப்பி, ஒரு கம்பிச் சுருளை முழுசாக அவிழ்த்து மறுபடி சுற்றினாள். மாசாணம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான்.

“ஏம்புள்ள, பெட்டி வந்து கெடக்குதுங்கற. அனுப்பச் சொல்லாம எதுக்கு இப்படி வெச்சுட்டு உக்காந்திருக்கற? பாப்பாவப் பாரு, பேச்சே போயிருச்சு.”

“எனக்குந்தானுங்க தெரியுது. தப்பா இருந்தா என்னங்க பண்றது? இன்னொரு சீட்டு யாருங்க குடுப்பாங்க?”

அவன் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். தான் பிள்ளைக்கு நல்லது செய்கிறோமா, பயத்தால் கெடுதல் செய்கிறோமா என்று செவ்வந்திக்கே தெரியவில்லை.

போட்டோ வந்தது. பழுப்புப் பெட்டி, பஞ்சு, நடுவில் கருவி. பார்க்க அச்சு அசலாக லாஸ்யாவுடையது போலவே இருந்தது. செவ்வந்தி அழுதே விட்டாள். நீலப் பொத்தானை அழுத்தப் போனவள், எதற்கும் அக்ஷயா மேடத்துக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

“லாஸ்யா அம்மா, அனுப்பச் சொல்லிப்போட்டீங்களா?”

“இல்லீங்க மேடம்.”

“சொல்லாதீங்க. மாடல் பேருக்குப் பின்னால ஒரு எழுத்து மாறியிருக்குது பாருங்க. இது பாப்பா தலைக்குள்ள இருக்கறதோட சேராதுங்க. வந்தாலும் வேலைக்கு ஆகாது.”

செவ்வந்தி போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள், எழுத்து மாறித்தான் இருந்தது.

புகார் எழுதினாள். விற்றவர், தான் சரியானதைத்தான் அனுப்பியதாகவும் குடோனில் யாரோ மாற்றியிருப்பார்கள் என்றும் பதில் போட்டார். விற்பனைத் தளத்திலிருந்து வந்த பதில் அதைவிட மோசம். முகவரி சரக்கு அனுப்பும் கம்பெனியுடையது, ஆகவே பாதுகாப்பு பொருந்தாது, புகார் முடிக்கப்பட்டது. கடைசிச் சொல்லை அவள் மொழிபெயர்த்தே பார்க்கவில்லை. அது புரிந்தது. 

யாரிடம் கத்துவது? முகம் இல்லை, வாசல் இல்லை. கிணத்துக்கடவில் மட்டைக்குக் கூலி குறைத்தால் அப்பா தோப்புக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்பார். அவர் வெளியே வந்துதான் ஆகவேண்டும். இங்கே போய் நிற்க ஒரு வாசல்கூட இல்லை.

ஆனால் மேல்முறையீடு என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. மறுநாள் வேலைக்கு லீவு சொன்னாள். விதியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ‘வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டால்’ என்றுதான் இருந்தது. அவள் அனுப்பவில்லையே. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினாள். பெட்டி முதல் முகவரியிலேயே இருக்கிறது. ஒரு அடிகூட நகரவில்லை. குடோன்காரர்கள் பெட்டியைப் பிரிக்கும் முன்பு எடுத்த போட்டோ, பிரித்த பிறகு எடுத்த போட்டோ, எடுத்த தேதி எல்லாம் இருக்கிறது. ஒட்டின டேப் கிழியாமல் இருப்பது முதல் போட்டோவில் தெரிகிறது. விளம்பரத்தில் எழுதியிருந்த மாடல் பெயரையும் வந்ததன் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அக்ஷயா மேடம் ஒரு சான்று எழுதிக் கொடுத்தார். கடைசியில், எழுதலாமா வேண்டாமா என்று தயங்கி, ‘என் மகளுக்குக் காது கேட்க வேண்டும்’ என்றும் சேர்த்தாள்.

எது வேலை செய்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. சாமானைத் திருப்பி அனுப்பினால் பணம் தருவதாகப் பதில் வந்தது. குடோன் கம்பெனி அதற்கும் ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு, கெடு முடிகிற நேரத்தில் பெட்டியைத் திருப்பி அனுப்பியது. பணம் கார்டில் ஏறும்வரை மாசாணத்தின் தம்பி முகத்தைப் பார்க்கவே அவள் பயந்தாள்.

இரண்டாவது முறை வேறொருவரிடம் வாங்குவதற்கு முன்னால் அவருக்கு எழுதிக் கேட்டாள். அவர் மகன் புதுக் கருவிக்கு மாறிவிட்டானாம். பழையதன் பின்பக்கத்தைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பினார். எழுத்துக்கு எழுத்து சரி என்று அக்ஷயா மேடம் சொன்னார். குடோனுக்குப் போனதும் மறுபடி பிரிக்கச் சொல்லிப் பார்த்தாள். அதே மாடல் பெயர், அதே எழுத்து. இனி அனுப்பத்தான் வேண்டும். அழுத்தினால் பாதுகாப்பு போய்விடும். நடுவில் தொலைந்தாலும் உடைந்தாலும் கேட்பாரில்லை. பெட்டிக்குத் தனியாக இன்சூரன்ஸ் போட்டாள். அப்படியும் விரல் போகவில்லை. மாசாணம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கட்டைவிரலின் மேல் தன் விரலை வைத்து அழுத்தினான்.

“போயிருச்சு. உடு புள்ள.”

கஸ்டம்ஸில் நின்றது, காகிதம் கேட்டார்கள், கொடுத்தாள். ஒரு மூலை நசுங்கித்தான் வீடு வந்தது பெட்டி. அவள் அதைத் திறக்கவே இல்லை, மாசாணமும் மகளும் கூட வர, அப்படியே ஆர்.எஸ்.புரத்துக்கு எடுத்துப் போனாள்.

அக்ஷயா மேடம் கருவியைக் கம்ப்யூட்டரில் இணைத்து ஏதேதோ தட்டினார். லாஸ்யா நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மேடம் வயரைக் கழற்றி மாட்டினார். அப்போதும் ஒன்றுமில்லை. செவ்வந்தி கண்ணை மூடிக்கொண்டாள். மாசாணம் அவள் கையைப் பிடித்திருந்தான். அவன் உள்ளங்கையும் ஈரமாக இருந்தது. அவனும் இத்தனை நாளும் பயந்துதான் இருந்திருக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“ம்மா.”

கண்ணைத் திறந்தாள். லாஸ்யாவின் கால் ஆட்டம் நின்றிருந்தது. தலையைச் சாய்த்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஃபேனு கீச்சு கீச்சுங்குது.”

அக்ஷயா மேடம் சிரித்தார். “ஆமாங் கண்ணு. எண்ணெய் போடச் சொல்லி எத்தனை நாளாச் சொல்றேன், யாரு கேக்கறாங்க.”

டவுன் பஸ்ஸில் கணபதி வரை லாஸ்யா ஓயாமல் பேசினாள். பாதிச் சொற்கள் கோணலாக வந்தன. சத்தம் வேறு அதிகம். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“மெதுவாப் பேசு சாமி,” என்றான் மாசாணம்.

“உடுங்க,” என்றாள் செவ்வந்தி. “பேசட்டும்.”

பஸ் ஒவ்வொரு குழியில் இறங்கும்போதும் அவள் கை மகளின் காதைப் பொத்துவது போலப் போய், கருவி விழாமல் பிடித்துக்கொண்டது. இதுவும் பழையதுதான், எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. பயத்தோடேயே கேட்டுக்கொண்டு வந்தாள், மகள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும்.