சோடாபுட்டி அனுப்பிய திருத்தம்

அலுவலகத்தில் அவனுக்குச் சோடாபுட்டி என்றுதான் பெயர். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றின் மென்பொருள் பிரிவில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறான். அங்கே எழுதப்படும் நிரல்களெல்லாம் ரெப்போ என்ற பொதுச் சேமிப்பில் சேரும். எந்த வரியை யார், என்றைக்கு மாற்றினார்கள் என்பதும் அதில் பதிவாகும்.

ஒரு திங்கட்கிழமை காலை, நோயாளிகளுக்குத் தானாகப் போகவேண்டிய முடிவுகள் போகவில்லை. கவுன்டரில் ஒரே கூட்டம். மேலாளர் நேராக சர்வரைக் கவனிக்கும் அக்காவிடம் போனார்.

"சனிக்கிழமை சர்வர்ல கை வெச்சது நீங்கதானே?"

"ஆமா சார். புது நிரலை ஏத்தினேன்."

அதோடு தீர்ப்பாகிவிட்டது.

முடிவுகளை அனுப்பும் நிரலின் கோப்பைச் சோடாபுட்டி திறந்து பார்த்தான். வெள்ளிக்கிழமை மனைவியின் விண்டோஸ் கணினியில் அதைத் திருத்தி அனுப்பியவன் அவன்தான். அவள் கணினி வரிக்கு வரி கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைக் கூடுதலாகப் போட்டிருந்தது. சர்வர் அந்தக் குறியையும் கட்டளையின் பெயரோடு சேர்த்துப் படித்து, அப்படி எதுவும் இல்லையென்று கைவிரித்துவிட்டது.

வாயைத் திறக்காமல் சரிசெய்தான். இனி எல்லாக் கோப்பிலும் வரி முடிவு ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று ரெப்போவிலேயே ஒரு விதி எழுதிவைத்து, பழைய கோப்புகளையும் அதன்படி மாற்றினான். ஆயிரக்கணக்கான வரிகள் மாறியதில் வெள்ளிக்கிழமைத் திருத்தம் அமுங்கிப்போனது. அதில் தனக்கு ஏற்பட்ட நிம்மதி அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

"நீ இல்லேன்னா நாறிப்போயிருக்கும்" என்று மேலாளர் தட்டிக்கொடுத்தார். அக்காவை கவுன்டரில் புகார் கேட்க உட்காரவைத்தார்.

நாலு நாள் பின்படிக்கட்டு வழியாகவே வந்துபோனான். ஐந்தாம் நாள் மதியம் கவுன்டருக்குப் போய் நின்றான்.

"அக்கா, அன்னிக்குத் தப்பு உங்களோடது இல்ல. நான்தான்." நடந்ததை முழுதும் சொன்னான்.

அக்கா கையிலிருந்த புகார்த் தாள்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"நாலு நாளா நான் அடிச்ச ஒவ்வொரு கட்டளையையும் திரும்பத் திரும்ப யோசிச்சிட்டிருக்கேன்டா. எங்க கோட்டை விட்டேன்னு."

அவன் அங்கிருந்து நேராக மேலாளர் அறைக்குப் போனான். அவர் திட்டியது வெளியே வரை கேட்டது. மறுநாளே அக்கா சர்வருக்குத் திரும்பிவிட்டாள்.

இப்போதும் பக்கத்துப் பக்கத்து மேசைதான். முன்பெல்லாம் "டேய், இங்க வா" என்பாள். இப்போது, "நீங்க அனுப்பினதைப் பார்த்துட்டேன், ஏத்தலாம்" என்கிறாள். அவன் தலையாட்டிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொள்கிறான்.