சுண்ணாம்புக் கோட்டின் மேல் உட்கார்ந்த பெரியப்பா

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: வலியசாலை மேலத்தெரு நான்காம் வீட்டு ஊறுகாய் ஜாடி, பூனையின் ஒத்துழைப்போடு இன்று காலை இயற்கை எய்தியது. மாங்காய்கள் உயிர் தப்பின.

நம் தெருக் கையெழுத்துப் பத்திரிகைக்கு நேற்று இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிள் சாய்க்கும் சத்தம் கேட்டது. பெரியப்பாவின் பயிற்சி நிலையத்துப் பியூன் நின்றிருந்தார். "சார் கிளாஸ் எடுத்துக்கிட்டே கசேரையில இருந்தார். பின்னெ எந்திரிக்கல்ல" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தவர் எழவேயில்லை.

ஜாடிச் செய்தியை அடித்துவிடச் சொன்னார்கள் வீட்டில். மாட்டேன் என்றேன். பெரியப்பா முதலில் படிப்பது என் பக்கத்தைத்தான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பஞ்சாயத்து, முனிசிபாலிட்டி அதிகாரிகளுக்கு ஊரமைப்பு கற்பித்தவர் பெரியப்பா. எங்கே வீடு, எங்கே கடை, எங்கே ஆலை, ரோடு எந்த வழியாகப் போகலாம், யாருடைய நிலத்தைத் தொடக் கூடாது என்பதெல்லாம் அவர் பாடம். திட்டம் போடக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. அவரிடம் திட்டு வாங்குவது என் வேலை. வீட்டையும் அவர் மண்டலமாகப் பிரித்துவைத்திருந்தார். கூடம் குடியிருப்பு, அடுக்களை தொழில் பகுதி. நான் பந்தாடும் கொல்லைப்புறத்துக்கு அவர் வைத்த பெயர் 'அபாயகரமான தொழில்கள், ஜனங்களிடமிருந்து தள்ளி'.

அவர் வகுப்பில் ஒவ்வொரு அணியும் படத்தில் ஒரு ரோடு வரைய வேண்டும். அடுத்த வாரம் அதே கோட்டை, ஆட்கள் குடியிருக்கும் இடத்தில், தரையில் சுண்ணாம்புப் பொடியால் போட வேண்டும். "காகிதத்துல போட்டா ரப்பர் அழிச்சுடும். மண்ணுல போட்டா வீட்டுக்காரன் வந்து ஏன்னு கேப்பான். அவனுக்குப் பதில் சொல்லிப் பழகுங்கோ" என்பார். கோடு போடுவதற்கு முதல் நாளே அவர் தனியாக வீடு வீடாகப் போவார். இது வெறும் வகுப்பு, சாயங்காலம் நாங்களே அழித்துவிடுவோம் என்று சொல்லி, கொடுக்கிற தண்ணீரைக் குடித்துவிட்டு வருவார்.

போன கோடை விடுமுறையில் கரமனை ஆற்றங்கரைப் புறம்போக்கைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முதல் நாள் பெரியப்பாவுக்குக் காய்ச்சல். பயிற்சிக்கு வந்திருந்த ஓர் எக்ஸிக்யூட்டிவ் ஆபீசரை அனுப்பினார். அவர் நல்ல மனிதர். மரியாதையாகத்தான் ஒவ்வொரு வாசலிலும் சொன்னார்: "பேடிக்கண்டா, சர்வே மாத்ரம்." பயப்பட வேண்டாம், வெறும் சர்வேதான்.

மறுநாள் காய்ச்சலோடு பெரியப்பா வந்தார். சுண்ணாம்புக் கூடை என் பொறுப்பு. கோடு பாதி தூரம் கூடப் போகவில்லை. பயிற்சிக்கு வந்தவர்களில் முன்னால் போன ஓவர்சியர் சட்டென்று நின்றார். கோடு தொடவேண்டிய வீட்டின் கூரைமேல் ஒருவர் ஏறி ஓடுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே அவர் மனைவி ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினார். கூரைமேல் இருந்தவர் பெயர் செல்லத்துரை, நாகர்கோவில் பக்கத்துக் கொத்தனார். தன் வீட்டைத் தானே பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இறங்குங்கோ. இது கிளாஸாக்கும். ஒரு ஓடும் போகாது" என்றார் பெரியப்பா.

"போன தடவையும் இதத்தான் சொன்னாவ சார். பயப்படாதே, சர்வேதான்னாவ. சோறு வடிக்குமுன்ன லாரி வந்துட்டு. ஓடு அத்தனையும் பொடி. இந்தவாட்டி ஓட்டையாவது கொண்டுட்டுப் போறேன்."

அதற்குள் ஆட்கள் சூழ்ந்துவிட்டார்கள். அளவுச் சங்கிலியின் மறுமுனை ஒரு பெண்ணின் கையில் இருந்தது. இரண்டு பேர் கடப்பாரையோடு நாங்கள் வந்த ஜீப்பின் முன்னால் போய் நின்றார்கள். பயிற்சி அதிகாரிகள் ஒருவர் முதுகின் பின்னால் ஒருவர் ஒதுங்கினார்கள். ஆபீசர் மறுபடியும், "பேடிக்கண்டா" என்று ஆரம்பித்தார்.

"அந்த வார்த்தைய இன்னொருக்கா சொன்னீருன்னா பல்லு இருக்காதுவே" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

மேலே ஓடுகள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு பக்கம் கழிகள் தெரிந்தன. இன்னும் கொஞ்ச நேரத்தில், யாரும் இடிக்காத ஒரு வீடு வகுப்புக்காக இல்லாமல் போயிருக்கும்.

பெரியப்பா செருப்பைக் கழற்றினார். வாசலுக்குக் குறுக்கே, சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இவன் எங்காத்துல ஒரே பிள்ளை. நாளைக்கு விடியறவரை நாங்க ரெண்டு பேரும் இங்கதான். லாரி வந்தா எங்க மேல வரட்டும்" என்றார்.

கூரையில் கை நின்றது. "உமக்குத்தான் காய்ச்சல்ல மேலு கொதிக்குன்னு ஆளுவ சொல்லுதாவளே சார்."

"கொதிக்கட்டும். கூரையைப் போடும்."

செல்லத்துரை கூரைமேல் குனிந்தார். பிறகு கழற்றிய ஓட்டைத் திரும்ப அதன் இடத்தில் செருகினார். பெரியப்பா திரும்பிப் பார்க்காமலே, "ஆபீசர், ஏணி சும்மா நிக்கறது" என்றார். ஆபீசர் பேன்ட்டை மடித்துக்கொண்டு ஏறினார். மற்றவர்கள் கீழிருந்து ஓடு எடுத்துக்கொடுத்தார்கள். இருட்டுவதற்குள் கூரை முழுதாகிவிட்டது. விடியும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம். லாரி வரவில்லை.

காலையில் அந்த வாசலிலேயே வகுப்பு நடந்தது. பெரியப்பா ஆபீசரிடம் சொன்னார்: "நீர் பொய் சொல்லல. அந்த வார்த்தையை நமக்கு முன்னாடி வந்தவா செலவழிச்சுட்டா, கேட்டீரா. இனி எந்த ஊருக்குப் போனாலும், போன தடவை வந்தவன் என்ன சொன்னான்னு முதல்ல கேளும். அப்புறம் வாயைத் திறவும்." அப்புறம் எல்லாருமாக ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கோட்டைக் கழுவினோம்.

நேற்று பெரியப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது செல்லத்துரை மனைவியோடு வந்தார். காலடியில் நின்று கும்பிட்டார். பிறகு தெருவாரிடம் அந்த நாளைச் சொன்னார். நான் ஓரமாக நழுவப் பார்த்தேன்.

"இந்தத் தம்பிதான். ஜீப்புக்கு அடியில போய்க் கெடந்தது. சார்தான் காலரப் புடிச்சு இழுத்துட்டு வந்து உக்காத்துனாவ" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் முழுக்க நான் சொல்லித் திரிந்த கதை வேறு. மேலே, நெஞ்சை நிமிர்த்தி நடந்துபோனேன் என்று எழுதியிருக்கும் வரியையும் வாசகர்கள் அடித்துவிட்டுப் படிக்கவும். விடியும்வரை பெரியப்பா என் காலரை விடவில்லை. விட்டிருந்தால் ஓடியிருப்பேன்.

இப்போது விட்டுவிட்டார். ஓடத் தோன்றவில்லை, பெரியப்பா. போய்வாருங்கள்.