அமெரிக்காவை ஏசிய நலங்குப் பாட்டு

காலை ஏழு மணி, ஊட்டி. சேரம்பாடிக்கு நேர் பஸ் அப்போதுதான் போனதாம். என் ராசி அப்படி! கூடலூர் வரை ஐம்பது கிலோமீட்டர், அங்கே பஸ் மாறி இன்னும் முப்பத்தைந்து. கோவையில் என்னோடு வேலை பார்க்கும் மலர்விழிக்கு இன்று கல்யாணம். முகூர்த்தத்தைக் கோட்டை விட்டாயிற்று, சாயங்கால நலங்காவது கிடைக்கட்டும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மலர் வீடு இருக்கும் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளை அடைந்தேன். சாப்பிடக்கூட விடாமல் மலரின் பக்கத்து வீட்டு சரசு என்னை மடக்கினார்.

"ஏனுங்க, நீங்க ரெண்டு வருசம் அமெரிக்காவுல இருந்தீங்களாமே? அந்த ஊருல என்ன குறைன்னு சட்டுன்னு சொல்லுங்க."

நலங்கில் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் ஊரை ஏசிப் பாடுவது இங்கே வழக்கம். மாப்பிள்ளை பிரபு ஊட்டிக்காரர், வேலை அமெரிக்காவில்.

"ஊட்டியையே ஏசலாமே?"

"குடித்தனம் பண்ணப் போற ஊரத்தானுங்க ஏசணும். ஊட்டின்னா குளிக்காத ஊருன்னு பாடிட்டுப் போயிருவோம். இது அமெரிக்கா! என்னத்தக் கண்டோம்?"

இந்த லைனில் எல்லாக் கல்யாணத்துக்கும் பாட்டுக் கட்டுவது மலரின் அம்மா புஷ்பம். சொந்த மகள் கல்யாணத்தில் வாயே திறக்கவில்லை. சின்ன வயதில் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர். கடல் தாண்டிப் போனவர்களை மறுபடி பார்க்க முடியாது என்பது அவர் மனதில் ஊறிப்போயிருந்தது. மலரின் கண்கள் வீங்கியிருந்தன. "அம்மா பாடலைன்னா நான் எப்படிக்கா ஃப்ளைட் ஏறுவேன்?" என்றாள்.

அமெரிக்காவைப் பற்றி நான் பீற்றிக்கொள்ளாத ஆளில்லை. குறை கேட்டவர் யாருமில்லை. ஆரம்பித்ததும் மளமளவென்று வந்தது. உப்பு வாங்கவும் கார் வேண்டும். நான் இருந்த குடியிருப்பில் வெளியே துணி காயப்போடக் கூடாது. போன் பண்ணாமல் யார் வீட்டுக்கும் போக முடியாது.

"போனா வெரட்டிருவாங்களா?"

"சிரிச்சுக்கிட்டே வாசல்லயே நிக்க வெச்சிருவாங்க."

"அட கொடுமையே!" என்றார் சரசு. உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த புஷ்பம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அமெரிக்காவைப் பார்க்காதவர்கள் எழுதிய பாட்டுகள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் உயர்ந்த கட்டிடமும் டாலரும்தான். மாலை ஆறு மணிக்கு இங்கே கேட்டது வேறு அமெரிக்கா. மணமக்கள் தேங்காய் உருட்ட, சரசு எடுத்துக் கொடுத்தார்:

"உப்பு வாங்கக் காரெடுக்கும் ஊராம் – சம்பந்தியம்மா
துணி காயக் கயிறில்லாத சீராம்!"

"ஆனை வந்தா நிக்குதுங்க உங்க பஸ்ஸு, அதுக்குக் காரே தேவலை!" என்று மாப்பிள்ளையின் அத்தை திருப்பிக் கொடுத்தார். ஒரே சிரிப்பு. மலர் மட்டும் சிரிக்கவில்லை. அடுப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்படியிலிருந்து முந்தானையில் கை துடைத்தபடி புஷ்பம் வந்தார். நின்றபடியே பாடினார்:

"கேட்டு வந்தாக் கதவத் தெறக்கும் ஊராம் – மருமவனே
கேக்காமத்தான் வந்து நிப்பேன் பாரும்!"

பதிலுக்குப் பிரபுவே எழுந்து நின்றார். "கதவைப் பூட்டவே மாட்டேனுங்க அத்தை" என்றார். மலர் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

மறுநாள் காலை புஷ்பம் பஸ் நிறுத்தம் வரை துணைக்கு வந்தார். கோவையில் என் அடுக்குமாடியிலும் போன் பண்ணாமல் யாரும் வருவதில்லை, நானும் போவதில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"ஏம்மா, பாஸ்போர்ட்டுக்கு என்னா செய்யணும்?"

"நான் எடுத்துத் தர்றேங்கம்மா. ஆனா அமெரிக்காவுக்கு விசா கிடைக்க நாளாகும்."

"ஆகட்டும். எங்கக்கா சிலோன்ல ஹட்டன் தோட்டத்துலயே நின்னுட்டா, நான் கப்பலேறி வந்தேன். அதுக்கப்புறம் பாக்கவே இல்ல. மொத அவ கதவப் போயித் தட்டுறேன்."