எங்கே குடியிருப்பது?

இன்று மனைவியோடு கரியில் ஓடும் பஸ்ஸில் திருவாடானைக்குப் போனேன். அங்கே என்னைப் பெற்ற அய்யா தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறார். அவளுக்கோ, தான் பிறந்த காரங்காட்டுக்கே போய்விட ஆசை. எனக்கு ஒரு மாதமாகத் தூக்கமில்லை.

பக்கத்தில் இருந்த அம்மாள் அவளிடம், "எந்த ஊரு தாயி?" என்றார்.

"காரங்காடு."

"கடக்கரையா? ஊருன்னா வயலும் கம்மாயும் வேணும்ல? அங்கன எப்படித்தான் இருக்கீகளோ!"

மனைவிக்குச் சுருக்கென்றது. "கடலே இல்லாத எடத்துல நீங்க எப்படி இருக்கீகளோ!"

சண்டை முற்றுவதற்குள் நான் நடுவில் புகுந்தேன். "ராமநாதபுரம் டவுன்லயே ஒரு வீடு பார்ப்போமா?"

"டவுனா? அதெல்லாம் ஒரு ஊரா?" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

இறங்கும்வரை இருவரும் சேர்ந்து டவுனைத் திட்டினார்கள். எனக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. நீங்களெல்லாம் எங்கேதான் குடியிருக்கிறீர்கள்?