வீட்டுக்கு ஒரு பெயர்

தீயணைப்பு வீரர் ஆவதற்கு என்னவெல்லாம் வேண்டும் என்று எங்கள் குப்பத்தில் வெற்றியைக் கேட்டால் போதும், மூச்சு விடாமல் ஒப்பிப்பான். மூச்சை இழுத்தால் மார்பு ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும். கயிறு ஏற வேண்டும். எழுத்துத் தேர்வில் சோழர்கள் வெட்டிய ஏரி வரை கேட்பார்கள். தீயைப் பற்றி மட்டும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். அதெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு சொல்லித் தருவார்களாம்.

மனுவில் விருப்ப வரிசை என்று ஒன்று உண்டு. கூடப் படித்த தோஸ்துகள் எல்லோரும் போலீஸ் வேலையை முதலில் போட்டார்கள். வெற்றி மட்டும் தீயணைப்பைப் போட்டான். சின்ன வயதில் மணலிப் பக்கம் ஒரு கிடங்கு எரிந்து ஊரே இந்தப் பக்கம் ஓடிவந்தபோது, ஒரே ஒரு சிவப்பு வண்டி மட்டும் அந்தப் பக்கம் போனதைப் பார்த்தவன். இரண்டு முறை எழுதித் தோற்றான். மூன்றாவது முறைதான் கடைசி, அதற்கு மேல் வயது வரம்பு தாண்டிவிடும்.

அந்த வருடம்தான் கடல் எங்கள் வரிசையில் நாலு வீட்டைத் தின்றது. அலையைத் தடுக்கக் கரையில் கல் கொட்டச் சொல்லி எண்ணூர் நெடுஞ்சாலையில் மறியல் செய்தோம். போலீஸ் வழக்குப் போட ஆள் கேட்டது. எங்கள் ஊர் வழக்கப்படி பஞ்சாயத்தே பட்டியல் கொடுத்துவிடும், வீட்டுக்கு ஒரு பெயர். யார் மறித்தார், யார் வீட்டில் தூங்கினார் என்பதெல்லாம் கணக்கில்லை. ஊருக்காக என்றால் ஊரே சுமக்க வேண்டும். கேட்க அழகாகத்தான் இருக்கும்.

பஞ்சாயத்துத் தலைவர் திருமுருகன் பட்டியலோடு வந்தபோது வெற்றி வீட்டில் அவன் அம்மா மங்கம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உன் வூட்டுக்காரர் பேரப் போட்டுக்கட்டுமாம்மா?"

"அது கடலுக்குப் போற ஆளுண்ணா. கோர்ட்டு வாய்தான்னா தொழிலு கெட்டுப்பூடும். வெற்றி சும்மாதான் படிச்சிகினு கீறான், அவன் பேரப் போட்டுக்கோ."

மறியல் நடந்த நேரத்தில் வெற்றி மாத்தூர் மைதானத்தில் ஆறு நிமிடம் ஐம்பது வினாடியில் ஓடி முடித்துச் சந்தோஷத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். பட்டியலில் தன் பெயர் ஏறிய விஷயத்தை அவனிடம் யாரும் சொல்லவில்லை. இதையெல்லாம் சொல்வார்களா என்ன?

எல்லாவற்றிலும் தேறினான். "உங்கள் மீது வழக்கு உண்டா?" என்ற கேள்விக்கு மனசாட்சியோடு "இல்லை" என்று எழுதினான். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் காகிதத்தைப் புரட்டினார். பட்டியலில் ஆறாவது பெயர் வெற்றி. சாலையை மறித்தது ஒரு குற்றம். மறியலில் சிக்கிய வண்டிகளில் தீயணைப்பு வண்டியும் ஒன்று என்பது கூடுதல் குற்றம். உண்மையை மறைத்த காரணத்தால் தேர்வு ரத்து என்று கடிதம் வந்தது.

மங்கம்மா மூன்று நாள் மீன் விற்கப் போகவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. அப்புறம் என் மேலேயே வந்தது, என் வீட்டிலிருந்து நான் கொடுத்த பெயர் அதற்கு முன்பே செத்துப்போன என் அண்ணனுடையது.

போன சித்திரையில், நல்ல உச்சி வெயிலில், வலைக் கொட்டகை பற்றிக்கொண்டது. நாங்கள் கத்திக்கொண்டிருந்தோம். வெற்றி கத்தவில்லை. மண்ணெண்ணெய் கேன்களை முதலில் அப்புறப்படுத்தினான், பக்கத்துக் கூரையைப் பிரிக்கச் சொன்னான், கடலிலிருந்து வாளி வரிசை கட்டினான், ஈரச் சாக்கோடு தானே உள்ளே போனான். கன்டெய்னர் லாரிகளுக்குள் நீந்தித் தீயணைப்பு வண்டி வந்தபோது புகைதான் பாக்கி.

அதிகாரி கஸ்பார் இராயபுரத்துக்காரர். சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எங்காளுங்க வந்திருந்தாலும் இப்படித்தான் செஞ்சிருப்பாங்க. யாரு முன்ன நின்னது? பேர் சொல்லுங்க, ரிப்போர்ட்ல எழுதணும்."

எல்லோரும் வெற்றியைப் பார்த்தோம். கையில் கொப்புளத்தோடு நின்றவன் வாயைத் திறந்தான். அதற்குள் மங்கம்மா அவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பேரெல்லாம் வாணாம் சார். ஊரு ஜனம் அணைச்சிச்சின்னு எழுதிக்கோ."

"ஏம்மா, நல்லதுக்குத்தானே கேக்குறேன்?"

"அன்னிக்கும் நல்லதுக்குத்தான் சார் குடுத்தேன்."