உள்ள வரலாங்களா?

கோர்ட்டுப் படி ஏறாதவன் பாக்கியசாலி. போன வாரம் வரை நானும் பாக்கியசாலிதான். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், இருட்டத் தொடங்கும் நேரத்தில், விளக்கில்லாத சைக்கிளோடு ஒரு பொலிஸ்காரர் கண்ணில் பட்டேன். அவ்வளவுதான்... செவ்வாய்க்கிழமை காலை கோர்ட்டு பெஞ்சில் இருந்தேன்.

என் முறை வருவதற்கு முன்னால் ஒரு வழக்கைக் கூப்பிட்டார்கள்.

முறைப்பாடு செய்தவர் மாரிமுத்து. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை ஸ்டோரில் வேலை. எதிரி வேலாயுதம். அதே தோட்டம், வரிசை வீடுகளான அதே லயம், நாலைந்து காம்பரா தள்ளி ஓர் அறையில் குடியிருப்பவர். அதோடு மாரிமுத்துவின் மனைவி செல்லம்மாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன்!

குற்றம்? அவமானப்படுத்தும் எண்ணத்தோடு வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தது.

மச்சான் வீட்டுக்குள் நுழைந்ததற்கு வழக்கா? இந்தச் சட்டத்தை ஒழுங்காக நடத்தினால் நாட்டில் எத்தனை மைத்துனர்கள் வெளியே இருப்பார்கள்? என் மைத்துனருக்கு ஆயுள் தண்டனைதான்.

பக்கத்தில் இருந்த வக்கீல் குமாஸ்தா என் காதில் சட்டம் ஓதினார். நுழைவது மட்டும் குற்றமில்லையாம். நுழையும்போது மனதில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வியாம். பயமுறுத்தவா, அவமானப்படுத்தவா, எரிச்சலூட்டவா? சரிதான்... மனதுக்குள் இருப்பதற்கு சாட்சியை எங்கே போய்ப் பிடிப்பது?

சண்டையின் வேர் காமன் கூத்தில் இருந்தது. மாசி மாதம் வந்தால் அந்தத் தோட்டத்தில் ரதி வேஷம் வேலாயுதத்துக்குத்தான். வருஷா வருஷம் அவர்தான் சேலை கட்டி, வளையல் போட்டு, மன்மதனை இழந்து கதறுவார். லயமே சேர்ந்து அழும். இந்த வருஷம் கூத்துக்குப் பொறுப்பாக நின்ற மாரிமுத்து, வேஷத்தை ஓர் இளவட்டத்துக்குக் கொடுத்துவிட்டார். காரணம் கேட்டதற்கு ஒரே வார்த்தை: "மச்சானுக்குத் தொந்தி போட்டுருச்சு."

எதிரிக் கூண்டை எட்டிப் பார்த்தேன். மாரிமுத்து பொய் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ரதியின் சேலை, வளையல் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வேலாயுதம் வந்தார். காம்பராவுக்கு முன்னாலுள்ள இஸ்தோப்பில் நின்றார். லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். பிறகு உள்ளே போய், உட்காராமல், மூட்டையை வைத்துவிட்டுத் திரும்பினார். இவ்வளவுதான் சம்பவம்.

நீதவான் முதலியாரைப் பார்த்தார். இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்பவர் அவர்தான். "எதிரி உள்ளே போகுமுன் அனுமதி கேட்டாரா?"

"கேட்டாருங்க" என்றார் மாரிமுத்து.

வேலாயுதத்தின் வக்கீல் துள்ளி எழுந்தார். அனுமதி கேட்டு நுழைந்தவர் எப்படி அத்துமீறியவர் ஆவார்? வழக்கு முடிந்ததே!

"ஐயா, அவரு கேட்டதுதாங்க குத்தமே!" மாரிமுத்துவின் குரல் உடைந்தது. "கல்யாணம் கட்டுன நாள்லேருந்து என்னைய மாப்ளைனு கூப்புட்ட மனுசன். அன்னிக்கு இஸ்தோப்புல நின்னு, 'ஐயா, வீட்டுக்காரங்க இருக்கீங்களா? உள்ள வரலாங்களா?'ங்கிறாரு. லயத்து சனமெல்லாம் வெளிய வந்து பாக்குது. கங்காணி கூட என்னைய அப்படிக் கேவலப்படுத்தினதில்லைங்க!"

நீதவானுக்குப் புரியவில்லை. முதலியாருக்குப் புரிந்தது, சிரிப்பை அடக்க மூக்கைச் சொறிந்துகொண்டார்.

சாட்சிக்கு செல்லம்மா வந்தார். வழக்கமாக அண்ணன் எப்படி வருவார் என்று கேட்டார்கள்.

"நேரா அடுப்படிக்கு வந்துரும் சாமி. சட்டியத் தொறந்து பாக்கும். கருவாடு இருந்தா உக்காரும். இல்லாட்டி என்னையத் திட்டிட்டுப் போகும்." முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அன்னிக்கு வாசல்ல நின்னு கேட்டுச்சு. எங்கண்ணன் செத்துப்போன மாதிரி இருந்துச்சு."

கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

அப்போதுதான் வேலாயுதத்தின் வக்கீல் ஒரு விஷயத்தை எடுத்து வைத்தார். எதிரிக்குத் தண்டனை கிடைத்தால் தோட்டத்தை நடத்தும் துரை சும்மா இருக்க மாட்டார். வேலையை விட்டு நீக்கும் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துவிடுவார். வேலை போனால் காம்பராவும் போகும். அதற்குப் பிறகும் தோட்டத்தில் இருந்தால், பிறந்து வளர்ந்த அதே காம்பராவுக்குள் அவரே அத்துமீறி நுழைந்தவர்!

நல்ல சட்டம், பாருங்கள். காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களின் வீட்டில், யார் அந்நியன் என்பதைத் துரை சொல்வார்.

மாரிமுத்துவின் முகம் வெளிறிப் போனது. அவர் இதை நினைத்துப் பார்க்கவே இல்லை. மனைவியைப் பார்த்தார். மனைவி அண்ணனைப் பார்த்தார். வைகாசியில் அவர்கள் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் தோட்டத்தை விட்டுப் போன வீட்டில் என்ன கல்யாணம்?

"ஐயா... கேஸு வேணாங்க. ராசியாப் போயிர்றோம்."

"எதிரி மன்னிப்புக் கேட்க வேண்டுமா?"

"வேணாங்க. ஆனா ஒண்ணு..." மாரிமுத்து துண்டைக் கையில் முறுக்கினார். "இனிமே அவரு வாசல்ல நின்னு கேக்கக் கூடாது. பழையபடி நேரா உள்ள வரணும். அத மட்டும் எழுதி வாங்குங்க ஐயா."

முதலியார் அதை மொழிபெயர்த்தார். நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். இத்தனை காலமும் அனுமதியில்லாமல் நுழையாதே என்று தீர்ப்புச் சொன்ன மனிதர். இன்று அனுமதி கேட்காமல் நுழை என்று சொல்ல வேண்டியிருக்கிறது! "எதிரிக்குச் சம்மதமா?" என்றார்.

வேலாயுதம் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு மாரிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"வர்றேன் மாப்ள. ரதிக்குத்தான் தொந்தி போட்டுருச்சுன்னு சொல்லிட்டே... செல்லம்மா கைச் சோறுதான்டா அது!"

அதற்குப் பிறகு என் சைக்கிளைக் கூப்பிட்டார்கள். நீதவான் நல்ல மனநிலையில் இருந்தார், எச்சரித்து அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் மைத்துனர்... என் நாற்காலியில் உட்கார்ந்து, என் பேப்பரை விரித்து, எனக்கு வைத்த வடையைத் தின்றுகொண்டிருக்கிறார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பாடா... எங்களுக்குள் சண்டை ஒன்றுமில்லை!