பூட்டிய கண்ணாடி அறையும் செல்லத்தாய் மேடமும்

தெற்கே தனித்தீவில் இருக்கும் ஹட் பேயிலிருந்து நேற்று வந்த கப்பலில் இறங்கியவர்கள் சொன்னார்கள்: செல்லத்தாய் மேடம் மலேரியாவில் காலமாகிவிட்டார். அடக்கமும் அங்கேயே முடிந்துவிட்டதாம். செய்தி கேட்ட ஒருவர், "நல்ல மனுஷிதான். ஆனா அடங்கிப் போகத் தெரியாது" என்றார். அந்த அடங்காமையைப் பற்றியே எழுதுகிறேன்.

திருநெல்வேலிக்காரர்; தாவரவியல் பட்டதாரி. எங்கள் தீவில், சௌல்தாரி கிராமத்து நாற்றுப் பண்ணைக்கு அவர் வந்தபோது நான் அங்கே களப் பணியாளன். புதிதாகக் குடியேறியவர்கள் எங்கள் கத்தரி, மிளகாய் நாற்றுகளை நம்பி நிலத்தைத் திருத்தி வைத்திருந்தார்கள். கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து மறுபடி விதை வருவதற்குள் பருவம் போய்விடும். நாற்றுகளோ கண்ணாடி அறைக்குள் வளராமல் நின்றன. உப்புக்காற்றுக்குப் பயந்து, பண்ணை அதிகாரி எல்லாச் சன்னல்களையும் அடைக்கச் சொல்லியிருந்தார்.

மேடம் அவரிடம் நேராகவே போனார். "வெயில் இருக்கு, தண்ணி இருக்கு, கரியமிலவாயுதான் இல்ல சார். உள்ள இருந்ததக் காலையிலேயே இலை இழுத்துத் தீத்துருது. அப்புறம் எத வச்சுச் சமைக்கும்? சன்னலத் தொறக்கணும்."

"அரே, உரம் போடுங்க! சன்னலைத் தொட்டா நீங்கதான் ஜவாப் சொல்லணும்."

மேடம் சன்னலைத் தொடவில்லை. பச்சைச் சாணமும் இலைக்குப்பையும் வண்டியில் கொண்டுவந்து, பூட்டிய அறைக்குள்ளேயே குவிக்கச் செய்தார். "மக்குற குப்பை கரியமிலவாயு விடும். வெளிக்காத்து வரக்கூடாதுன்னா உள்ளேயே உண்டாக்கிக்கிடுவோம்" என்றார். சில நாட்களில் நாற்றுகள் நிமிர்ந்தன. நாற்றமும் அதிகாரியின் அறைவரை எட்டியது.

மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார் அவர். "சீ, என்ன பத்பூ! எல்லாத்தையும் ஜல்தி திறங்க!"

"உத்தரவு சார்" என்று மேடம் தம் கையாலேயே சன்னல்களைத் திறந்தார். பண்ணையே சிரித்தது. கடல் பக்கத்து வரிசையில் சில நாற்றுகள் உப்பில் கருகத்தான் செய்தன. அதை மேடம் யாரிடமும் மறைக்கவில்லை. மற்றவை மழைக்கு முன்பே குடியேறிகளின் நிலங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்தச் சிரிப்பை அதிகாரி மன்னிக்கவில்லை. ஹட் பேக்கு மாற்றல் வந்தது. மன்னிப்புக் கேட்டால் ரத்தாகும் என்று என்னிடமே சொல்லி அனுப்பினார்கள். துறைமுக ஜெட்டியில், கப்பல் ஏணியில் கால் வைத்தபடி மேடம் திரும்பிப் பார்த்தார். காற்றில் முந்தானை படபடத்தது.

"செடி பட்டினி கெடந்துச்சு, சோறு போட்டேன். இதுக்கா மன்னிப்பு? போய்ச் சொல்லுங்க, கேக்க மாட்டேன்னு."

விடை கொடுக்கிறோம், மேடம். நீங்கள் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. உங்கள் சார்பில் நாங்களும் கேட்கப் போவதில்லை.